கருடி

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத வேண்டுமென்றால் டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். அதனால்தான் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். ரைட்டர் எழுதிப் படித்துக் காட்டினால், வேறு யாரோ ஒருத்தி செய்ததைக் கேட்பதுபோல இருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொண்டு தாள் கொடுத்தீர்கள், டீயும் வரவழைத்தீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. இந்த ஸ்டேஷனில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகவே பேசுகிறார்கள்.

என் பெயர் துர்காதேவி. வயது நாற்பத்திரண்டு. ஊர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அப்பா குப்புசாமி பட்டுத் தறி நெய்தவர். நான் பத்தாவது வரை படித்துவிட்டுப் பாவு பிணைக்கப் போனேன். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். அப்படிச் சேர்த்தது எந்த இடம் என்று கண்ணுக்கே தெரியாது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் செய்கிற வேலை.

மாகறலிலிருந்து ஒரு வரன் வந்தது. பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை. பிறகு வேறு யாரும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் ஆனந்தகுமார் பின்கட்டில் ஓர் அறையை எனக்கு ஒதுக்கினான். அவர்கள் யாரும் என்னிடம் சண்டை போட்டதில்லை. பண்டிகை நாளில் அண்ணி ஒரு தட்டில் பலகாரம் வைத்து, குட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவாள். நான் கழுவி அதே இடத்தில் வைப்பேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது சாய்கிறவரை வாயே திறந்திருக்க மாட்டேன். குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை இருமிக்கொள்வேன்.

தொண்ணூற்று ஆறில் முசரவாக்கம் தாண்டி இருக்கும் அந்த மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெண்கள் வார்டு. இருபத்திரண்டு கட்டில். குளிப்பாட்டுவது, தலை வாருவது, சாப்பிட வைப்பது, போர்வைகளைத் துவைத்து மாடியில் காயப் போடுவது எல்லாம் எங்கள் வேலை. இரண்டு வார்டுக்கும் நர்ஸ் ஒருத்திதான். அதனால் மாத்திரை கொடுப்பதும் நாளடைவில் என்னிடம் வந்தது. மருந்து ரிஜிஸ்தரில் தேதி, பெயர், மாத்திரை, நேரம், கையெழுத்து எல்லாம் நான்தான் எழுதினேன். பெரிய டாக்டர் பூவராகவன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, அச்சடித்ததுபோல இருக்கிறதே என்றார். அந்த ரிஜிஸ்தரைத்தான் நீங்கள் கைப்பற்றியிருக்கிறீர்கள். அதில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எழுதியிருப்பது உண்மையும் இல்லை.

அங்கே எல்லோரும் என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுதான். என்னோடு வேலை செய்த மரியம்மாள் என்னைவிடப் பெரியவள், அவளையும் ஆயா என்பார்கள். ஆயா என்று குரல் கேட்டால் நாங்கள் இருவருமே திரும்புவோம்.

மானஸா இரண்டாயிரமாவது வருஷம் ஆவணி மாதம் வந்தாள். சின்னக் காஞ்சிபுரம். அப்பா யதிராஜன் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார். அம்மா ஹேமாம்புஜம் மாமி. ஒரே பெண், இருபத்தொரு வயது. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள். ஹாஸ்டலில் குழாயைத் திறந்தால் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கி, பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். எங்களிடம் வந்தபோது உதடெல்லாம் வெடித்திருந்தது. மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாவது நாள் நான் அவள் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

"ஆயான்னு கூப்பிடும்மா."

"அது பேர் இல்லையே. பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அப்போ அவன் உங்களோடதை இன்னும் எடுக்கலை. இங்க எல்லாரோட பேரையும் எடுத்து மேல தொட்டியில போட்டு வெச்சிருக்கான். உங்களோடது ஒண்ணுதான் மிச்சம்."

அது வியாதி என்று எனக்குத் தெரியும். நாலு வருஷமாக அந்த வார்டில் இருந்தவள் நான். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து என் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

வரைய வேண்டும் என்று கேட்டாள். பென்சில் கூர்மையானது, வார்டுக்குள் கூடாது. நான் காந்தி ரோட்டில் கோடு போடாத பெரிய நோட்டு ஒன்றும் ஸ்கெட்ச் பேனா ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். டாக்டரும் நல்லதுதான் என்றார். மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கும் நேரத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவாள். நான் எதிரில் உட்கார்ந்து போர்வை மடிப்பேன்.

அது ஒரு படக்கதை. பக்கத்துக்கு ஆறு ஏழு கட்டம். எங்கள் மருத்துவமனைதான், ஆனால் முழுக்கக் கறுப்பாக, கிணற்றுக்குள் கவிழ்த்து வைத்த கோபுரம்போல இருந்தது. படிகள் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் முகம் இல்லை. வெள்ளையன் என்று ஒருவன், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாத்திரை. அவன் தினமும் காலையில் வந்து ஒவ்வொரு பெண்ணிடமும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் கீழே இருக்கும் பெயரை எடுத்துக்கொண்டு போவான். அவனை எதிர்த்துச் சண்டை போடுகிறவள் பெயர் கருடி. அவளுக்குச் சிறகு உண்டு. அவள் போட்டிருந்தது எங்கள் யூனிஃபாரம் சேலை. அரக்குக் கரை போட்ட சாம்பல் சேலை, அதன் முந்தானைதான் விரிந்து சிறகாகியிருந்தது.

முகம் என் முகம். இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு ஒன்று எனக்கு உண்டு, அது இருந்தது. சின்ன வயதில் மூக்குக் குத்தி, மூக்குத்தி போடாமலே விட்டதில் தூர்ந்துபோன புள்ளி. அதையும் வரைந்திருந்தாள். என் அண்ணனைக் கேளுங்கள், அப்படி ஒரு புள்ளி இருப்பது அவனுக்குத் தெரியாது. என் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

"நீங்கதான் கருடி. வெளியில சொல்லாதீங்க," என்றாள் மானஸா.

நான் சொல்லவில்லை. அதன் பிறகு காலையில் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பினேன். சேலைக்குக் கஞ்சி போட்டுக் கட்டினேன். மரியம்மாள்கூடக் கேட்டாள், "இன்னாமே, கல்யாணத்துக்கா வந்துக்கினு இருக்கே?" என்று.

மருந்து வேலை செய்தது. கார்த்திகை மாதத்தில் மானஸா தண்ணீர் குடித்தாள், தூங்கினாள், மற்றப் பெண்களோடு உட்கார்ந்து டிவியில் சீரியல் பார்த்துச் சிரித்தாள். நோட்டு நாற்பத்தேழாவது பக்கத்தோடு நின்றுபோயிற்று. நான் மத்தியானத்தில் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அவள் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, என்னக்கா இது, பார்க்கவே பயமா இருக்கு. இதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க, ப்ளீஸ்."

"இது யாருன்னு தெரியலியா?" என்று கருடியைக் காட்டிக் கேட்டேன்.

"உங்களை மாதிரி இருக்கு. சாரிக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் மோசமாக நடந்துகொள்ளவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். காலையில் குட் மார்னிங் சொல்வாள், போர்வை மடிக்க உதவுவாள். கண்டக்டரிடம் சில்லறை வாங்கும்போது ஒரு நல்ல பெண் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். தை பிறந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். மாமி அன்று வார்டு முழுக்க அக்காரவடிசல் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் நாள் நடந்தது மறதி. மாத்திரைத் தட்டைத் திரும்ப வைக்கும்போது அவளுடையது அப்படியே இருந்தது. நேரம் கடந்துவிட்டது. ரிஜிஸ்தரில் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் எதுவும் ஆகவில்லை. அவள் குட் மார்னிங் சொன்னாள். ஒருநாள் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாதென்றால் இரண்டாம் நாளும் ஆகாது என்று தோன்றியது. மூன்றாம் நாளிலிருந்து, எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்குக் கொடுக்கும் சர்க்கரை பூசிய வெள்ளை மாத்திரையைக் கொடுத்தேன். அதே அளவுதான் இருக்கும். அவளுடைய மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். என் அறையில் நீங்கள் எடுத்த பாட்டில் அதுதான்.

பத்தொன்பதாம் நாள் அவள் மத்தியானத்தில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "கருடி, நோட்டு எங்கே?" என்றாள்.

வீட்டுக்குப் போகிற தேதி தள்ளிப்போயிற்று. டாக்டர் மருந்தைக் கூட்டினார். கூட்டிய மருந்தும் பாட்டிலுக்குப் போனது. பிறகு வேறு மருந்து மாற்றினார். அதற்கும் ஏற்ற மாதிரி ஒரு சத்து மாத்திரை இருந்தது. இந்தப் பெண்ணுக்கு எந்த மருந்துமே கேட்கவில்லையே என்று அவர் என்னிடமே வருத்தப்பட்டார். நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அடுத்த வருஷம் கரண்ட் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் ஆறு தடவை, அப்புறம் இன்னும் ஆறு. மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள், வலிக்காது. காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பன்னிரண்டு தடவையும் நான்தான் பிடித்துக்கொண்டேன், வேறு யாரிடமும் விடவில்லை. அது முடிந்து எழுந்தால் அவளுக்குப் பாதி ஞாபகம் இருக்காது. ஒருமுறை இரண்டு நாள் வரைக்கும் மாமியை யாரென்று தெரியாமல், "இந்த லேடி எதுக்கு அழறா?" என்று என்னிடம் கேட்டாள். ஆனால் என்னைக் கருடி என்றுதான் கூப்பிட்டாள். அதை அவள் மறக்கவில்லை.

மாமி வாரம் இரண்டு முறை பெருமாள் கோயில் துளசியோடு வருவார். ஒருநாள் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"துர்கா, நீதான் அவ கூடவே இருக்கே. மறைக்காமச் சொல்லு. அவ பழையபடி ஆவாளோ?"

"ஆவாங்க மாமி. நான் பாத்துக்கினுதானே இருக்கேன்."

"நீ இல்லேன்னா நாங்க எப்பவோ ஓய்ஞ்சு போயிருப்போம். உனக்குப் பெருமாள் எந்தக் குறையும் வெக்கமாட்டார், பாரு."

அவருடைய கை சூடாக இருந்தது. அவர் போன பிறகும் அந்தச் சூடு கொஞ்ச நேரம் என் கையில் இருந்தது. நான் அவரை ஏமாற்றினேன் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதை நான் மீறவில்லை. அந்த வார்டில் மானஸாவைப்போல் தலை வாரி, நகம் வெட்டி, சுத்தமாக இருந்த நோயாளி வேறு யாரும் கிடையாது.

அந்த ஐப்பசியில் யதிராஜன் சார் இறந்துபோனார். மாரடைப்பு. மகள் அப்போது இருந்த நிலையில் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் அவளை அழைத்துப் போகவில்லை. சாருக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி இருந்தது. ஆகவே அது என்னால் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

படக்கதை வளர்ந்துகொண்டே போயிற்று. நாலு நோட்டு. கருடி ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் மீட்டுக்கொண்டு வருவாள். பெயர் கிடைத்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் வரும். கட்டில்காரிகள் ஒவ்வொருவரும் அதில் வந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக யாருமே பார்க்க வராத பூவம்மாளுக்குக்கூட ஒரு முழுப் பக்கம் உண்டு. வெள்ளையன் கருடியின் சிறகில் கம்பி கட்டி மின்சாரம் விடுகிற இடமும் உண்டு. அவள் கம்பியைப் பல்லால் கடித்து அறுப்பாள். அந்தப் பக்கத்தை வரைந்துகொண்டிருந்தபோது மானஸா உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. நான் துடைத்துவிட்டேன். எவ்வளவு அழகான வேலை தெரியுமா அம்மா. நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். நல்லபடியாக இருக்கும்போது அவள் வரைந்தவை பூச்சாடியும் கோலமும்தான். யார் வேண்டுமானாலும் வரையலாம்.

இந்த வருஷம் தை மாதம் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். ஏலவார்குழலி என்று பெயர், சின்ன வயது. வந்த முதல் வாரமே மானஸாவைக் கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்தரைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா இவ்வளவு டோஸ் எடுக்கற பொண்ணு. கை நடுங்கலை, நடை இறுகலை. எப்படிம்மா இது?"

"அவங்க உடம்பு வாகு அப்படி டாக்டர்," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நாளையிலிருந்து இந்தப் பெண்ணுக்கு நானே கொடுக்கிறேன் என்றார். கொடுத்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். கதையில் வெள்ளையன் செய்வதும் அதுதான். நான் அதை மானஸாவிடம் சொன்னேன். முதல் வாரம் அவள் பயந்து அழுதாள். மாசி மாதம் முடியும்போது அவள் அழவில்லை.

பங்குனியில் அவள் முழுக்கத் தெளிந்துவிட்டாள். அப்பாவைப் பற்றிக் கேட்டாள். மாமியும் டாக்டரும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "நான் இங்க வந்து எவ்வளவு நாளாச்சு அக்கா?" என்று கேட்டாள். இரண்டரை வருஷம் என்றேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்திருப்பார்கள் என்று சொல்லி விரலில் ஏதோ எண்ணினாள். திரும்பவும் காலேஜில் சேர்த்துக்கொள்வார்களா என்று டாக்டரிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள்.

இன்னொரு நாள், போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"டாக்டர் குடுக்கற மாத்திரை கசக்குதுக்கா. நீங்க குடுத்தது இனிச்சுது."

"வேற கம்பெனியா இருக்கும்."

"இருக்கும்," என்றாள்.

போர்வையின் ஒரு நுனி அவள் கையில், ஒரு நுனி என் கையில். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வரைவதற்காகப் பார்ப்பாளே, அதே பார்வைதான். புருவம், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக. ஆனால் கையில் பேனா இல்லை. பிறகு போர்வையைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் பாத்ரூம் பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு தனியாக உட்காரவில்லை. டாக்டரிடம் இதை அவள் சொல்லியிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஒருவரைப் பற்றி நிச்சயமாகத் தெரியாமல் தப்பாகச் சொல்கிற பெண் இல்லை.

சித்திரைக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவானது. அதற்கு முன் ஏலவார்குழலி டாக்டர் மேல்படிப்புப் பரீட்சைக்காக இருபது நாள் லீவில் போனார். மானஸாவின் மாத்திரையை மரியம்மாள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மரியம்மாளுக்குப் படிக்க வராது. மாத்திரை மாறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"நீயே எடுத்துக் குடுமே, நான் கையில வாங்கிக் குடுத்துடறேன்," என்றாள்.

இந்த முறை நான் இனிப்பு மாத்திரை எடுக்கவில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை கசக்கும். அதைப் பாதியாக உடைத்தால் அளவும் ஏறக்குறைய சரியாக வரும். மரியம்மாள் கொடுத்ததால் மானஸா சந்தேகப்படாமல் விழுங்கினாள். மரியம்மாளுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளை விட்டுவிடுங்கள்.

நோட்டு நாலையும் அவள் கட்டில்மேல் வைத்தேன். படி என்று சொல்லவில்லை. வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். முதல் வாரம் அவற்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இரண்டாவது வாரம் தூக்கம் போயிற்று. பதினான்காம் நாள் குழாயடியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் நோட்டு அவள் மடியில் இருந்தது. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "எங்க போயிட்டீங்க கருடி, இவ்வளவு நாளா?" என்றாள். நான் ஸ்கெட்ச் பேனாப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

இந்த முறை நீண்ட நாள் இருக்காது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் திங்கட்கிழமை வருவார். வந்தால் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள், போலீஸும் வரும். மானஸாவுக்கு மீண்டும் மருந்து கொடுப்பார்கள், அவள் தெளிவாள். தெளிந்து, போர்வை மடித்த அன்று பார்த்ததுபோல என்னைப் பார்ப்பாள். இதையெல்லாம் சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போதே நிதானமாக யோசித்துவிட்டேன். கோபத்தில் எதுவும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் இருநூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தை வரைந்துகொண்டிருந்தாள். கதைப்படி பெயர்கள் எல்லாம் மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கின்றன. ஒருத்தி ஏறிப்போய் அவற்றை அள்ளிக்கொண்டு கீழே குதிக்க வேண்டும். கருடி கீழே நின்று ஏந்திக்கொள்வாள். அதோடு கதை முடிகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"யாரு குதிக்கறது?" என்று கேட்டேன்.

"நான்தான். நீங்க பிடிப்பீங்க இல்ல?"

"கருடிதானேம்மா. பிடிப்பாங்க."

மாடிக் கதவின் சாவி என்னிடம் இருந்தது. பூட்ட மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. மூன்று மணிக்குப் போய்த் திறந்து வைத்துவிட்டு, பின்பக்கச் சிமெண்ட் முற்றத்துக்கு வந்து நின்றேன். வெயிலில் கண் கூசியது. மரியம்மாள் சமையல்கட்டிலிருந்து பாத்திரத்தோடு வந்தாள்.

"இன்னாமே, வெயில்ல அண்ணாந்து பாத்துக்கினு நிக்கறே?"

அதற்குள் அவளும் பார்த்துவிட்டாள். மானஸா தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி விளிம்பில் நின்றாள். பாவாடையை மடித்து எதையோ அள்ளிக் கட்டியதுபோலப் பிடித்திருந்தாள். அதில் ஒன்றுமில்லை. மரியம்மாள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, இறங்கு தாயி, இறங்கு கண்ணு என்று கத்திக்கொண்டே மாடிப்படிப் பக்கம் ஓடினாள். மானஸா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கருடி, வரட்டுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். நான் சொன்னால் கேட்பாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். நான் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "வா," என்றேன்.

நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்ததாக மரியம்மாள் படியிலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அது சரிதான். அவ்வளவு உயரத்திலிருந்து வருகிற ஒருவரை யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் இரண்டு பேருமே போய்விடுவோம். அது எனக்கு அப்போது தெரியும், காலையிலும் தெரியும், கதவைத் திறந்தபோதும் தெரியும். கால் மணி நேரம் உயிர் இருந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று குனிந்து காத்திருந்தேன். அவள் அம்மா என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே மானஸாவை இரண்டு வருஷத்துக்கு மேல் நோயாளியாக வைத்திருந்தது நான். அவளைக் கொன்றதும் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எனக்கு மனநோய் எதுவும் இல்லை. ஏழு வருஷம் அதன் நடுவில் இருந்தவள் சொல்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஹேமாம்புஜம் மாமி அந்த நோட்டுகளைக் கேட்டு ஸ்டேஷனுக்கு வந்ததாக நேற்று ரைட்டர் சொன்னார். பெண்ணின் ஞாபகமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றைப் பார்த்தால் மாமிக்கு வேதனைதான் மிஞ்சும். மானஸாவே கிழித்துப் போடச் சொன்னவை அவை. பக்கத்துக்குப் பக்கம் இருப்பதும் நான்தான். கேஸ் முடிந்ததும் எனக்கே கிடைக்கும்படி செய்யுங்கள், ஜெயிலில் படங்கள் வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று நினைக்கிறேன். மாமிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு பக்கத்தில்தான் நான் இல்லை. தொட்டிமேல் நிற்கும் பெண்ணை மட்டும் வரைந்துவிட்டு, கீழே எனக்கு இடம் விட்டிருந்தாள். அவளுக்கு நேரம் போதவில்லை.